ராஜா இல்லாத ராஜ்யம்

சில வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் ரோமாபுரியைக் களமாக வைத்துப் பன்னிரண்டு வாரத் தொடர்கதை ஒன்று எழுதினேன். முசிறியிலிருந்து மிளகு மூட்டைகளோடு கப்பலேறிய ஒரு வியாபாரியின் மகன், தகப்பனாரை வழியில் பறிகொடுத்துவிட்டு, தன்னந்தனியாக அகஸ்டஸ் காலத்து ரோமாபுரியில் போய் நிற்கிறான். ஒன்பதாவது வாரத்தில் அவனை அகஸ்டஸின் முன்னாலேயே கொண்டுபோய் நிறுத்தினேன். பையன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "மகாராஜா! அபயம்!" என்று கதறினான். அகஸ்டஸ் சிங்காதனத்தை விட்டு இறங்கி வந்து, அவனைத் தூக்கி நிறுத்தி, ஒரு பொன் முடிப்பைக் கையில் வைத்தார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. வாசகர்களுக்கும் கலங்கியிருக்க வேண்டும். அந்த வாரம் கடிதங்கள் அதிகம்.

அவற்றில் ஒரு கார்டு கும்பகோணத்திலிருந்து வந்தது. ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார்.

"ஐயா, தங்கள் கதையைத் தவறாமல் படித்து வருகிறேன். சென்ற வாரம் அந்தப் பையன் சொன்ன வார்த்தையை உண்மையிலேயே அந்த இடத்தில் சொல்லியிருந்தால் பொன் முடிப்பு கிடைத்திராது. அந்த மனிதரின் முகம் சுருங்கியிருக்கும். அவருக்குச் சிங்காதனமும் கிடையாது. அவர் ராஜாவும் அல்ல. தம்மை அவர் என்னவென்று சொல்லிக்கொண்டார் என்பதை அவகாசம் கிடைக்கும்போது பார்க்கவும்."

எனக்குக் கோபம் வந்தது. இருபத்தெட்டு லீஜியன் சேனை ஒருவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றது. ஸ்பெயினிலிருந்து சிரியா வரை அவர் வைத்தது சட்டம். அவர் ராஜா இல்லையென்றால் பின் யார் ராஜா? "கதையில் சில சுதந்திரங்கள் உண்டு" என்று ஒற்றை வரியில் பதில் போட்டுவிட்டு மறந்துவிட்டேன்.

கதை புத்தகமாக வருவதாக ஏற்பாடான பிறகுதான் அந்தக் கார்டு மறுபடி கையில் அகப்பட்டது. திருத்தங்கள் செய்ய உட்கார்ந்தவன், பழைய கடிதக் கட்டைப் பிரித்தேன். அவகாசமும் இருந்தது. பார்க்கத் தொடங்கினேன். பார்க்கப் பார்க்க, அந்தக் கும்பகோணத்துப் பெரியவருக்கு நான் போட்ட ஒற்றை வரிப் பதில் என்னைக் குத்திக்கொண்டே இருந்தது.

ரோமானியர்களுக்கு 'ரெக்ஸ்' என்ற சொல் ஆகாது. ரெக்ஸ் என்றால் ராஜா. ஆதியில் அவர்களுக்கும் ராஜாக்கள் இருந்தார்கள். கடைசி ராஜாவான டார்க்வினை கி.மு. 509-இல் ஊரைவிட்டே துரத்தியதாக அவர்களுடைய ஐதிகம். அதன்பின் கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷம் அந்த ஊரில் ஒருவன்மேல் மற்றொருவன் சொல்லக்கூடிய மிகப் பெரிய பழி, 'இவன் ராஜாவாகப் பார்க்கிறான்' என்பதுதான். கொலைக்குக் கூட மன்னிப்பு உண்டு, இதற்குக் கிடையாது.

ஜூலியஸ் சீஸரின் கதையே இந்த ஒரு சொல்லில் முடிந்த கதைதான். தெருவில் கூட்டத்தில் யாரோ அவரை 'ரெக்ஸ்' என்று கூப்பிட்டபோது, தம் பெயர் ரெக்ஸ் அல்ல, சீஸர் என்று சிரித்து மழுப்பினாராம். ரெக்ஸ் என்பது அவருடைய பாட்டி வழியில் ஒரு குடும்பப் பெயராகவும் இருந்தது. ஆகையால் அந்தச் சிலேடை. கி.மு. 44-ஆம் வருஷம் பிப்ரவரியில் ஒரு திருவிழாவில் அந்தோணி அவர் தலையில் கிரீடப் பட்டையை வைக்கப் போனான், அவர் தள்ளிவிட்டார். தள்ளியது உண்மையா, நாடகமா என்று ஊர் பேசிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த மாதம் செனட் சபைக் கூட்டத்தில் கத்திகள் பேசிவிட்டன. அவரோ ஏற்கெனவே ஆயுட்கால சர்வாதிகாரி. அதிகாரம் முழுவதும் கையில் இருந்தது. சொல் ஒன்றுதான் பாக்கி.

(இதில் ஒரு வேடிக்கை. 'நான் ரெக்ஸ் அல்ல, சீஸர்' என்றாரே, அந்தக் குடும்பப் பெயர் பின்னால் ராஜாவைவிடப் பெரிய பட்டமாகிவிட்டது. ஜெர்மானியர்களின் கெய்ஸரும் ருஷ்யர்களின் ஜாரும் அந்த ஒரு பெயரிலிருந்து கிளைத்தவர்கள். 1877-இல் விக்டோரியா மகாராணி இந்தியாவின் சக்கரவர்த்தினியானபோது, நம் ஜனங்களுக்குப் புரியட்டுமென்று வைத்த பட்டம் 'கெய்ஸர்-இ-ஹிந்த்'. அந்தப் பெயரில் ஒரு மெடல்கூடக் கொடுத்தார்கள். காந்திஜி 1920-இல் திருப்பி அனுப்பியது அதைத்தான்.)

சீஸருக்கு வாரிசாக வந்த பதினெட்டு வயதுப் பையன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். பதின்மூன்று வருஷம் யுத்தம் செய்து, எதிரிகளை ஒழித்து, ஒருவனாக மிச்சப்பட்டதும் அவனுக்கு வந்த பிரச்னை சேனை அல்ல, கஜானா அல்ல. தன்னை என்னவென்று அழைத்துக்கொள்வது என்பதுதான்.

கி.மு. 27 ஜனவரியில் அவன் செனட்டுக்குப் போய், எல்லா அதிகாரத்தையும் குடியரசுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். சபையினர் பதறி, பல மாகாணங்களை, முக்கியமாகச் சேனை நிற்கிற மாகாணங்களை, அவனிடமே கெஞ்சிக் கொடுத்தார்கள். கூடவே ஒரு பெயரும் கொடுத்தார்கள். ஊரை ஸ்தாபித்தவன் பெயரான ரோமுலஸ் என்று வைக்கலாமென்று ஒரு யோசனை வந்தது. ரோமுலஸ் ராஜாவாயிற்றே, அது உதவாது. 'அகஸ்டஸ்' என்ற சொல்லைப் பொறுக்கினார்கள். அது பதவியின் பெயரல்ல, உறவின் பெயருமல்ல. கோயிலுக்கும் புண்ணிய ஸ்தலத்துக்கும் சொல்லுகிற அடைமொழி. வணக்கத்துக்குரியது என்று அர்த்தம். நம் ஊரில் ஒரு காலத்தில் மேயர் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டிருந்தோமே, கிட்டத்தட்ட அது. பிறகு கி.மு. 8-இல் ஒரு மாதத்துக்கே அந்தப் பெயரை வைத்தார்கள். நம் வீட்டுக் காலண்டரில் முப்பத்தொரு தாள் கிழிக்கிறோம், அந்த மனிதரை நினைக்காமலே.

ஆனால் அகஸ்டஸ் என்பது பிறர் அவரைச் சொன்னது. அவர் தம்மைச் சொல்லிக்கொண்ட சொல் வேறு. அதைத்தான் கும்பகோணத்துக்காரர் என்னைத் தேடச் சொன்னார். 'பிரின்கெப்ஸ்'. முதல்வன் என்று பொருள். முதலில் இருப்பவன், முந்தி நிற்பவன். அவ்வளவுதான்.

இந்தச் சொல்லை அவர் புதிதாகச் செய்யவில்லை. அங்கேதான் அவருடைய சாமர்த்தியம். செனட் சபையின் பெயர்ப் பட்டியலில் முதலில் எழுதப்பட்ட மூத்த அங்கத்தினருக்கு, 'செனட்டின் முதல்வர்' என்று பெயர். எந்த விஷயம் வந்தாலும் முதலில் அவர் அபிப்பிராயத்தைக் கேட்பார்கள். குடியரசுக் காலத்தில் பாம்பேயைப் போன்ற பெரிய மனிதர்களையும் 'முதல்வர்' என்று பேச்சு வழக்கில் சொல்வதுண்டு. ஒரே சமயத்தில் ஐந்தாறு முதல்வர்கள் ஊரில் உலவுவார்கள். ஒருவரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. இந்த மனிதர் அந்தச் சொல்லுக்கு என்ன செய்தார்? ஒன்றுமே செய்யவில்லை. பன்மையை மட்டும் எடுத்துவிட்டார். மற்ற முதல்வர்கள் யுத்தத்தில் செத்திருந்தார்கள். அல்லது வாயை மூடியிருந்தார்கள். 'முதல்வர்கள்' போய் 'முதல்வர்' என்று ஆனபோது, பழைய சொல் பழைய இடத்திலேயே இருந்தது, ராஜ்யம் மாறியிருந்தது.

அவர் நடந்துகொண்ட விதமும் சொல்லுக்குத் தக்கபடியே இருந்தது. பாலடைன் குன்றில் ஒரு சாதாரண வீடு. மழையோ வெயிலோ நாற்பது வருஷமும் ஒரே படுக்கையறை. வீட்டுப் பெண்கள் நெய்த துணி. கி.மு. 22-இல் பஞ்சம் வந்து, ஜனங்கள் அவரைச் சர்வாதிகாரியாக இருக்கச் சொல்லி மொய்த்தபோது, மண்டியிட்டு, மேலாடையை விலக்கி மார்பைக் காட்டி, வேண்டாமென்று மன்றாடினார். ஒரு சமயம் நாடகம் பார்க்கப் போயிருந்தார். நல்லவரும் நியாயவானுமான எஜமானைப் பற்றி நடிகன் ஒரு வசனம் பேசினான். கொட்டகை முழுவதும் அவர் பக்கம் திரும்பிக் கை தட்டியது. உடனே முகத்தைச் சுளித்துக் கையால் அடக்கினார். மறு நாள் அதைக் கண்டித்து உத்தரவே போட்டார். 'டொமினஸ்' என்ற அந்தச் சொல்லைத் தம் குழந்தைகளும் பேரப் பிள்ளைகளும் விளையாட்டுக்குக்கூடத் தம்மிடம் சொல்லக் கூடாது என்று தடுத்தாராம்.

டொமினஸ் என்பது அடிமைகள் தங்கள் சொந்தக்காரனைக் கூப்பிடுகிற சொல். தமிழில் அதற்கு நேரான வார்த்தையைத் தேடி நான் அகராதிக்குப் போகவில்லை. எங்கள் ஊர்க் களத்துமேட்டுக்குப் போனேன். 'ஆண்டே!'

இந்த இடத்தில் என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தஞ்சை ஜில்லாவில் எங்களுடையது கூட்டுக் குடும்பம். தாத்தா காலமான பிறகு அவருடைய சாய்வு நாற்காலியில் பெரியப்பா உட்காரவில்லை. பாயைப் போட்டுத் தரையில்தான் உட்கார்வார். "நான் யார்? உங்களில் மூத்தவன், அவ்வளவுதானே" என்பார். எந்தக் காரியமானாலும் தம்பிகள் மூன்று பேரையும் திண்ணைக்குக் கூப்பிட்டு யோசனை கேட்பார். தம்பிகள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே யோசனை சொல்வார்கள். பத்தாயச் சாவியும் பெட்டிச் சாவியும் அவர் இடுப்பில். வயல் ஆட்கள் 'ஆண்டே' என்றால் மட்டும் அதைத் திருத்த மாட்டார். அது அவர்கள் கூப்பிட வேண்டிய முறை என்று நினைத்திருக்க வேண்டும்.

என்னைக் காலேஜில் சேர்ப்பது பற்றித் திண்ணையில் பேச்சு வந்தது. அப்பா சேர்க்கலாம் என்றார். சித்தப்பாக்கள் இருவரும் சேர்க்கலாம் என்றார்கள். பெரியப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எனக்கென்ன, எல்லாரும் சொன்னால் சரிதான். உங்கள் இஷ்டம்" என்றார். அந்த வருஷம் நான் காலேஜில் சேரவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவுமில்லை. ஒருவர் மறுத்திருந்தால் நான் அவரோடு சண்டை போட்டிருப்பேன். சண்டை போட ஆள் இல்லை. அடுத்த வருஷம் அம்மா தன் தங்கச் சங்கிலியை விற்றுச் சேர்த்தாள்.

அகஸ்டஸ் தம்முடைய கடைசிக் காலத்தில், தாம் செய்த காரியங்களையெல்லாம் தாமே ஜாபிதாவாக எழுதி வைத்தார். ரோமாபுரியில் அவர் சமாதியின் முன்னால் இருந்த வெண்கலத் தூண்கள் போய்விட்டன. ஆனால் துருக்கியில் அங்காராவில் ஒரு கோயில் சுவரில் அந்தச் சாஸனம் லத்தீனிலும் கிரேக்கத்திலும் இன்னும் நிற்கிறது. அதில் அவர் சொல்வதன் சாரம் இது: மதிப்பில் நான் எல்லாருக்கும் மேல், அதிகாரத்தில் என்னோடு பதவி வகித்தவர்களைவிட எனக்கு ஒன்றும் கூடுதல் கிடையாது. படித்தவுடன் எனக்குத் திண்ணையும் வெற்றிலையும்தான் ஞாபகம் வந்தன. 'உங்கள் இஷ்டம்.'

அந்தச் சாஸனத்தில் இன்னொன்று. இந்தியாவிலிருந்து ராஜாக்களின் தூதர்கள் தம்மிடம் அடிக்கடி வந்ததாகப் பெருமையோடு குறிப்பிடுகிறார். நம்மவர்களைச் சொல்லும்போது 'ராஜாக்கள்' என்கிறார். அந்தச் சொல்லைக் கூசாமல் உபயோகிக்கிறார். ராஜாக்கள் என்பவர்கள் வெளியூரில் இருப்பவர்கள். தம்மைப் பார்க்க வருகிறவர்கள்.

கிரேக்கத்தில் அந்தச் சாஸனத்தைப் பெயர்த்தவனுக்கு என் கஷ்டம் இருந்திருக்கிறது. பிரின்கெப்ஸ் என்ற இடத்தில் அவன் 'ஹெகெமோன்' என்று போட்டான். தலைவன், வழிநடத்துகிறவன் என்று அர்த்தம். மாகாண கவர்னர்களுக்கும் அதே சொல்தான் வழங்கியது. லத்தீனில் இருந்த பணிவு கிரேக்கத்துக்குள் போவதற்குள் ஆவியாகிவிட்டது. கீழ்நாட்டு ஜனங்களோ இந்த நுணுக்கத்தைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. ராஜாவைப் பார்த்தால் ராஜா என்று சொல்லிப் பழகியவர்கள். பேச்சில் தாராளமாக ராஜா என்றே சொன்னார்கள். என் கதைப் பையனும் அப்படித்தானே சொன்னான் என்று வாதாடலாம். ஆனால் அவனை நான் நிறுத்தியது ரோமாபுரியில்.

அடுத்து வந்த டிபேரியஸ் கொஞ்சம் சிடுசிடுப்பான ஆசாமி. அடிமைகளுக்கு நான் டொமினஸ், சிப்பாய்களுக்கு இம்பெராட்டர், மற்றவர்களுக்குப் பிரின்கெப்ஸ் என்றாராம். ஒரே மனிதன் களத்துமேட்டில் ஒன்று, திண்ணையில் ஒன்று! பின்னால் வந்தவர்களுக்கு இந்தப் பொறுமை இல்லை. காலிகுலா, தம் வீட்டு விருந்தில் வெளிநாட்டு ராஜாக்கள் குலப் பெருமை பேசி வாதாடுவதைப் பார்த்துவிட்டுத் தானே கிரீடம் வைத்துக்கொள்ளப் போனான்; தாங்கள் ராஜாக்களுக்கெல்லாம் மேலே போய்விட்டீர்களே என்று யாரோ சமாதானம் சொல்லித் தடுத்தார்கள். டொமிஷியன் தன் காரியஸ்தர்கள் பேரில் அனுப்பும் கடிதங்களில், 'நம் ஆண்டையும் ஆண்டவனுமானவர்' உத்தரவிடுவதாக எழுதச் செய்தான். தமிழில் இந்த இரண்டு சொல்லும் ஒரே வேரிலிருந்து வருவது லத்தீன்காரனுக்குக் கிடைக்காத பாக்கியம். கி.பி. 96-இல் அவனைக் குத்திக் கொன்றார்கள்.

எனக்கு இந்த வரிசையில் மறக்க முடியாதவர் பிளினி. கி.பி. 100-இல் டிராஜன் முன்னிலையில் நீண்ட ஸ்தோத்திர உரை ஒன்று நிகழ்த்தினார். இனி எங்களுக்கு எஜமான் இல்லை, நாங்கள் பேசுவது ஒரு சகப் பிரஜையைப் பற்றி என்ற பூரிப்பு அதில் வழிகிறது. பத்து வருஷம் கழித்து அவரே ஒரு மாகாணத்துக்கு அதிகாரியாகப் போய் டிராஜனுக்குக் கடிதங்கள் எழுதுகிறார். தீயணைக்க ஆட்கள் வைக்கலாமா, குளிக்கும் மண்டபத்தைப் புதுப்பிக்கலாமா என்றெல்லாம் கேட்கிறார். கடிதத்துக்குக் கடிதம் விளிக்கிற சொல், 'டொமினஸே!' கபடம் ஒன்றுமில்லை. பழக்கம் வந்துவிட்டது. நான் பிளினியைக் குறை சொல்ல மாட்டேன். பெரியப்பாவுக்கு நான் எழுதிய கடிதங்களை யாராவது எடுத்து வைத்திருந்தால், எத்தனை 'தங்கள் சித்தம்' அகப்படுமோ!

சரி, தமிழில் என்ன போடுவது? சக்கரவர்த்தி என்றால் முழுப் பொய். பேரரசர், மன்னர் எல்லாம் அதே பொய்யின் சின்னப் பிள்ளைகள். 'முதல்வர்' என்பதுதான் சொல்லுக்குச் சொல் சரி. நாம் அறியாமலே அதை ஏற்கெனவே மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. கல்லூரி பிரின்ஸிபால் இருக்கிறாரே, அந்தச் சொல் பிரின்கெப்ஸிலிருந்து வந்ததுதான். அவரைத் தமிழில் 'முதல்வர்' என்கிறோம். ஆனால் கதையில், "முதல்வர் வந்தார்" என்று எழுதினால் வாசகர் மனசில் வருவது கல்லூரியோ கோட்டையோதான். போதாததற்கு, நம் சைவப் பெரியவர்களுக்கு முதல்வன் என்றால் சாட்சாத் பரமசிவன். அங்கே கீழே இறங்கி நிற்பதற்காகப் பொறுக்கிய சொல், இங்கே கைலாசத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மூன்று நாள் இந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டினேன். வீட்டில், "கதையைத் திருத்துகிறீர்களா, அகராதி எழுதுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டாள்.

ஒரு மாறுதலுக்காக எழும்பூர் மியூசியத்துக்குப் போனேன். தமிழ்நாட்டு மண்ணில் கிடைத்த ரோமானியக் காசுகள் அங்கே உண்டு. மிளகுக்கும் முத்துக்கும் விலையாக வந்த காசுகள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளிக் காசு. நம் பழைய நாலணா அளவு. தென்னிந்தியாவில் அதிகமாகக் கிடைக்கிற வகைகளில் அது ஒன்று. ஒரு பக்கம் அகஸ்டஸின் தலை. சுற்றிலும் எழுத்து: சீஸர் அகஸ்டஸ், தெய்வத்தின் குமாரர், தேசத்தின் தந்தை. மறு பக்கம் இரண்டு உருவங்கள். மேலாடை போர்த்து நேராக நிற்கும் இரண்டு பையன்கள். நடுவில் இரண்டு கேடயம், இரண்டு ஈட்டி.

கேயஸ், லூஷியஸ். அகஸ்டஸின் மகள் ஜூலியா பெற்ற பேரன்கள். ஆண் வாரிசு இல்லாத தாத்தா, இருவரையும் தம் பிள்ளைகளாகவே ஸ்வீகாரம் எடுத்துக்கொண்டார். காசின் விளிம்பில் அவர்களுடைய பட்டமும் இருக்கிறது. இடம் போதாமல் சொற்களை வெட்டி வெட்டிப் போட்டிருக்கிறார்கள். 'இளைஞர்களின் பிரின்கெப்ஸ்'கள்.

அந்தக் கண்ணாடி முன்னால் நான் வெகு நேரம் நின்றேன். அகஸ்டஸ் தம் தலையைச் சுற்றி அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்ளவில்லை. அது அவருக்குச் சட்டப்படியான பட்டமே அல்ல. பேச்சில் சொல்லிக்கொள்வதோடு சரி. ஆனால் பேரப் பிள்ளைகளுக்கு, பதினைந்து வயதில், காசிலேயே அடித்துக் கொடுத்துவிட்டார். சேவையினாலும் வயதினாலும் ஒருவன் முதல் ஆளாக வரலாம். பதினைந்து வயதுப் பையன் எதனால் முதல் ஆள்? அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அந்தப் பதிலுக்கு ரோமாபுரியில் பழைய பெயர் 'ரெக்ஸ்'. இத்தனை வருஷம் ஜாக்கிரதையாக மூடி வைத்ததை ஒரு தாத்தாவின் பாசம் காட்டிக் கொடுத்துவிட்டது. அவருக்கே அது உறுத்தியிருக்கும். பையன்களைக் கண்டு நாடகக் கொட்டகையில் ஜனங்கள் எழுந்து நின்றபோது வருத்தப்பட்டார் என்றும், அவர்களைச் சிபாரிசு செய்யும்போதெல்லாம் 'தகுதி இருந்தால்' என்று சேர்த்துக்கொள்வார் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். இருந்தும் காசு அடித்தாயிற்று.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தெரிந்தது. பெரியப்பாவின் பிள்ளைக்குப் பதினான்கு வயது. அறுவடைக் காலம். குத்தகைக்காரன் ஒருவன் அப்பாவிடம் வந்து ஏதோ தவணை கேட்டான். அப்பா ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு, களத்தில் பட்டம் விட்டுக்கொண்டிருந்த அண்ணாவைக் காட்டி, "தம்பியை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்" என்றார். அப்பாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் பக்கத்தில் நின்றேன். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அந்தக் காசை அடிக்கத் தொடங்கிய காலத்துக்கு வருகிறேன். கி.மு. 2-ஆம் வருஷம் பிப்ரவரியில் செனட் அவருக்கு 'தேசத்தின் தந்தை' என்ற பட்டத்தைக் கொடுத்தது. கண்ணீர் விட்டுக்கொண்டே ஏற்றார். இனித் தெய்வங்களிடம் கேட்க எனக்கு என்ன இருக்கிறது என்றாராம். அதே வருஷம், நடத்தை சரியில்லை என்று, தம் ஒரே மகள் ஜூலியாவை ஒரு சின்னத் தீவுக்குக் கடத்தினார். அவளுக்கு மதுவையும் தடுத்தார். காசின் முன்பக்கம் தேசத்தின் தந்தை; பின்பக்கம் அவள் பெற்ற இரண்டு பிள்ளைகள். பெற்றவள் எந்தப் பக்கத்திலும் இல்லை.

நாலு வருஷத்துக்குள் லூஷியஸ் மார்ஸேல்ஸில் நோயில் இறந்தான். கி.பி. 4-இல் கேயஸ், யுத்தத்தில் பட்ட காயம் ஆறாமல், ஊர் திரும்பும் வழியில் லிஸியாவில் இறந்தான். பையன்கள் போன பிறகும் காசுகள் கப்பலேறி நம் கரைக்கு வந்துகொண்டிருந்தன. மிளகு விற்றவர்கள் எண்ணிப் பார்த்து, இடுப்பில் முடிந்துகொண்டிருப்பார்கள். இரண்டு பையன்கள் யாரென்று கேட்டிருக்க மாட்டார்கள். வெள்ளி சுத்தமாக இருந்ததா என்பதே அவர்கள் கவலை. 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் ராஜ முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. பிறகு புழங்காமல் இருப்பதற்காக வெட்டியது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். 'ராஜ முகம்' என்று நானே எழுதிவிட்டேன், பாருங்கள். இருக்கட்டும்.

அகஸ்டஸ் எழுபத்தைந்து வயதில், கி.பி. 14-இல், தம் பெயர் கொண்ட மாதத்திலேயே காலமானார். சாகும் நாளில் நண்பர்களை அழைத்து, வாழ்க்கை நாடகத்தில் என் பாகத்தைச் சரியாக நடித்தேனா என்று கேட்டதாகச் சொல்வார்கள். அதிகாரமோ வேற்றுக் குடும்பத்தில் பிறந்து ஸ்வீகாரம் வந்த டிபேரியஸிடம் போய்ச் சேர்ந்தது.

மியூசியத்திலிருந்து வந்த இரவே ஒன்பதாவது அத்தியாயத்தைத் திருப்பி எழுதினேன். சிங்காதனத்தை எடுத்தேன். பொன் முடிப்பையும் எடுத்துவிட்டேன். அகஸ்டஸைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. யாரோ ஒருவன் மனுவைக் கொடுக்கக் கையை நீட்டுவதும் இழுப்பதுமாகத் தயங்கியபோது, யானைக்குக் காசு நீட்டுகிறவன் மாதிரி ஏன் பயப்படுகிறாய் என்று கேலி செய்தாராம். கோயில் வாசலில் யானைக்குக் காசு நீட்டி வளர்ந்த நமக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டாம். அந்தக் கேலியை அப்படியே என் பையனிடம் செய்யவைத்தேன். முசிறிப் பையனுக்கு யானை என்ற சொல் காதில் விழுந்ததும் ஊர் ஞாபகம் வந்து, அழுகையை அடக்க முடியவில்லை. கிழவர் கையை நீட்டி மனுவை வாங்கிக்கொள்கிறார். பையன் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எனக்குச் சொல் அகப்படவில்லை. அவனுக்கும் அகப்படாமல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அச்சுப் படி வந்தபோது அந்த இடத்தில் மார்ஜினில் ஒரு கேள்வி: 'மகாராஜா என்ற விளி விடுபட்டதா?' திருத்துகிறவர் மரியாதை தெரிந்தவர். 'விடுபடவில்லை' என்று எழுதி அனுப்பினேன்.

புத்தகம் வெளியானதும் முதல் பிரதியைக் கும்பகோணத்துக்கு அனுப்பினேன். உள்ளே, பழைய ஒற்றை வரிப் பதிலுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதமும் வைத்தேன். பத்து நாளில் கார்டு வந்தது.

"ஐயா, புத்தகம் கிடைத்தது. ஒன்பதாவது அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். மிகவும் சந்தோஷம். அட்டைப் படத்தில் அவர் தலையில் கிரீடம் இருக்கிறது. அடுத்த பதிப்பில் எடுத்துவிடச் சொல்லவும்."